நான் இரண்டு முறை ஃபெயில் போட்ட டாக்டர்

மார்ச் 4

இன்று ஏழு பேருக்கு ஓட்டுநர் தேர்வு வைத்தேன். ஐந்து பேர் ஃபெயில், ஒருவர் பாஸ், ஒன்று என்னால் கெட்டது.

முதல் ஆள் அடிக்கடி கண்ணாடி பார்க்கும் ரகம். பின்னால் வண்டி வருகிறதா என்று அல்ல, தலை கலைந்திருக்கிறதா என்று. அடுத்து வந்த பெண்மணி நிறுத்தக் கோட்டை முழுசாகத் தாண்டி நின்றுவிட்டு, "பெயின்ட் மங்கியிருக்கு சார், கோடே தெரியல" என்றாள். இருபத்தாறு வருடமாக இந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். தப்புச் செய்த ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. கோடு மங்கல், பிரேக் இறுக்கம், கம்பம் குறுக்கே வந்துவிட்டது. இந்த ஊரில் கம்பங்கள்தான் ஒழுங்காக ஒரு இடத்தில் நிற்பதில்லை போலிருக்கிறது.

ஆறாவதாக வந்த பையன்தான் பாவம். நன்றாக ஓட்டினான். பாதி வழியில் எனக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அந்தப் பெட்ரோல் நிலையத்துல ஓரங்கட்டுங்க" என்றேன். அழகாக இன்டிகேட்டர் போட்டு நிறுத்தினான். நான் இறங்கி ஓடினேன். எங்கள் விதிப்படி தேர்வாளர் நடுவில் இறங்கினால் அந்தத் தேர்வு செல்லாது. பையன் இன்னொரு நாள் வர வேண்டும். இந்த வருடம் இப்படி நான்கு பேர் ஆகிவிட்டது.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு டாக்டரைப் பாத்துடுங்களேன்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அவர் கவலை என் மூத்திரப்பை அல்ல. மறுதேர்வுக்கு நாள் ஒதுக்கும் தலைவலி.

மார்ச் 12

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பி.எஸ்.ஏ. என்று ஏதோ ஒரு எண்ணாம். நாலுக்குள் இருக்க வேண்டியது பதினொன்று சொச்சம். வாழ்க்கையில் முதல்முறையாக வேக வரம்பைத் தாண்டியிருக்கிறேன்.

செய்தி எப்படிப் போயிற்றோ, சாயங்காலமே மச்சான் வந்து இறங்கினார். என் மனைவியின் அண்ணன். நான் வைத்திருக்கும் பெயர் நிவாரணி. உலகத்தில் அவரிடம் மருந்தில்லாத நோய் கிடையாது, அவர் கொடுத்த மருந்தில் தீர்ந்த நோயும் கிடையாது. "ரத்தப் பரிசோதனையே ஒரு வியாபாரம் மாப்ள. நம்பர் போட்டுப் பயமுறுத்துவாங்க. காலைல வெறுங்காலோட புல்லுல நடங்க, எல்லாம் இறங்கிடும்" என்றார். இவரை நான் மூன்று தடவை ஃபெயில் போட்டேன். நாலாவது தடவை வேறு ஊருக்குப் போய் உரிமம் வாங்கி வந்தவர். புல்லில் நடக்கச் சொல்கிறார்.

மார்ச் 27

பயாப்ஸி. பன்னிரண்டு ஊசி. எந்த வழியாக என்று எழுதப் போவதில்லை. நாட்குறிப்புக்கும் மானம் உண்டு.

ஏப்ரல் 5

புற்றுநோய்.

ஏப்ரல் 6

நேற்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் பேனா ஓடவில்லை. இன்று பரவாயில்லை, கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு எழுத்து தானாக வரும்.

ப்ராஸ்டேட் சுரப்பியாம். சின்ன எலுமிச்சை அளவாம். அறுபது வருடம் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாமல் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அதில் உள்ள கட்டிக்குப் பத்துக்கு ஏழு மார்க் போட்டிருக்கிறார்கள். ஆறுக்குக் குறைத்து யாருக்கும் போடுவதில்லையாம். ஏழு என்றால் நடுத்தரமாம். இப்படி ஒரு மார்க் முறையை நான் எங்கும் கண்டதில்லை. நான் போட்டால் பாதிப் பேருக்கு இரண்டுதான் தேறும். சுரப்பியின் இரண்டு பக்கமும் இருக்கிறது, வெளியே பரவவில்லை. "சீக்கிரமே கண்டுபிடிச்சாச்சு. நீங்க அதிர்ஷ்டசாலி சார்" என்றார் சொன்னவர். மருத்துவமனையில் யாராவது உன்னை அதிர்ஷ்டசாலி என்றால் உடனே எழுந்து ஓடிவிட வேண்டும்.

மனைவி அழவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 15

பத்து நாளாக டாக்டர் டாக்டராக அலைகிறோம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு வீடு ஏறியிருக்க மாட்டார்கள்.

முதலாமவர் பெரிய மனிதர். அறை முழுக்கக் கேடயங்கள். "ஓப்பன் பண்ணி எடுத்துடலாம்" என்று என் தொப்புளுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்தார். ஒரு சாண் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். வண்டி ஓட்டுகிறவன் இப்படி இருந்தால் பத்து அடியிலேயே இறக்கியிருப்பேன்.

இரண்டாமவர் ஒலி டாக்டர். கத்தி இல்லை, தையல் இல்லை. ஒலி அலைகளைக் குவித்துக் கெட்ட இடத்தை மட்டும் சுட்டுவிடுவார்களாம். சுவரில் ஒரு படம். நரைத்த தலைக்காரர் ஒருவர் கடற்கரையில் பேரனைத் தூக்கிச் சுற்றுகிறார். "காலைல வந்தா சாயங்காலம் வீடு சார்" என்றார். எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. மனசுக்குள் பேரனைத் தூக்கி ஒரு சுற்றுக்கூட சுற்றிவிட்டேன், எனக்குப் பேரனே கிடையாது. அதற்கப்புறம்தான் அவர் என் ஸ்கேனை முழுசாகப் பார்த்தார். "ஓ, ரெண்டு பக்கமும் இருக்கா? அப்ப உங்களுக்கு இது ஒத்துவராதே." இதை முதலிலேயே பார்த்துத் தொலைத்திருக்கலாமே ஐயா! கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தானே வண்டியை எடுக்க வேண்டும்?

ரோபோ வைத்திருக்கும் மருத்துவமனை ஒன்று பாக்கி. அந்த வாசலில் ஆளுயரப் பலகை. 'சின்னத் துளை, பெரிய வாழ்வு' என்று எழுதியிருக்கிறது. எழுதியவனுக்கு ஒரு துளை போட வேண்டும்.

ஏப்ரல் 18

ஐயோ.

ரோபோ டாக்டர் ஒரு பெண். நாற்பதுக்குள் இருக்கும். கதவைத் திறந்ததும் எழுந்து நின்று, "வாங்க சார். என்னை ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? வருடத்துக்கு ஆயிரம் முகம் பார்க்கிறவன்.

"ரெண்டு தடவை உங்ககிட்ட டெஸ்டுக்கு வந்தேன். பின்னால எடுத்து ஓரமா நிறுத்தறப்ப சக்கரம் நடைபாதை மேல ஏறிடுச்சு. ரெண்டு தடவையும்."

அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டாவது தடவை நீங்க ஒண்ணு கேட்டீங்க சார். 'இந்தக் கையை வச்சுக்கிட்டு வெளியில என்ன வேலைம்மா பாக்கறே'ன்னு."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

"இந்த வேலைதான் சார்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா என் ஸ்கேனைத் திறந்தாள். முழுசாகப் பார்த்தாள். பிறகு விளக்கினாள்: வயிற்றில் ஆறு சின்னத் துளை. அதன் வழியே ரோபோவின் கைகள் உள்ளே போகும். அவள் சற்றுத் தள்ளி ஒரு மேஜையில் உட்கார்ந்து, கண்ணைக் கருவிக்குள் வைத்து, அந்தக் கைகளை ஆட்டுவிப்பாள். சுரப்பியை முழுசாக எடுத்துவிடுவார்கள்.

"அப்ப நீங்க என் பக்கத்துலயே இருக்க மாட்டீங்க?"

"அதே ரூம்லதான் சார் இருப்பேன்."

அதாவது வண்டியில் ஏறாமலே வண்டி ஓட்டும் டிரைவர். ஏறி ஓட்டியபோதே நடைபாதையில் ஏற்றிய டிரைவர்.

ஏப்ரல் 19

வீட்டில் போர். சாண் டாக்டரிடமே போகிறேன் என்றேன். அவ்வளவுதான், மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன், இந்தப் பொண்ணுக்கு என்ன கொறச்சல்?"

"நான் ஃபெயில் போட்ட பொண்ணு அது."

"இந்த ஊர்ல நீங்க ஃபெயில் போடாத ஆளு யாரு? அப்படிப் பாத்தா உங்களுக்கு வைத்தியம் பாக்க வேற கிரகத்துலேருந்துதான் ஆள் வரணும்."

மகள் வெளியூரிலிருந்து தொலைபேசியில் அதே பாட்டு. அந்த டாக்டரம்மா இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறாள், எத்தனை பேர் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று ஒரு பெரிய ஒப்பிப்பு. எண்ணிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மகளுக்கு என்ன தெரியும்? அவள் அந்தப் பின் சக்கரத்தைப் பார்த்தவள் இல்லை.

ஏப்ரல் 30

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், நீ வேலை செய்வதை நான் பார்க்க வேண்டும் என்று. வேறு டாக்டராக இருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். இவள் சிரித்தாள். "ஆபரேஷனைப் பாக்க விட மாட்டாங்க. நாங்க பழகற மெஷின் ஒண்ணு இருக்கு. வாங்க, நீங்களே உக்காந்து பாருங்க."

போனேன். உட்கார்ந்தேன். கருவிக்குள் கண்ணை வைத்தால் உள்ளே ஒரு தனி உலகம். சின்னச் சின்ன வளையங்களை எடுத்துக் குச்சிகளில் மாட்ட வேண்டும். இது என்ன பிரமாதம், குழந்தை விளையாட்டு என்று நினைத்தேன். இரண்டு வளையத்தைக் கீழே போட்டேன். ஒன்றைப் பிய்த்தேன். ஒரு குச்சியை முறித்தேன். திரை சிவப்பாகி என்னென்னமோ சத்தம் போட்டது.

"இந்தப் பெடல் சரியில்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் உட்கார்ந்து அதே வேலையைச் செய்து காட்டினாள். பக்கத்துத் திரையில் பார்த்தேன். வேகம் இல்லை, நிறுத்தம் இல்லை, எதையும் தேவைக்கு மேல் தொடவில்லை. குற்றம் கண்டுபிடிக்க என்னால் முடிந்த மட்டும் முயன்றேன். அகப்படவில்லை. அந்தத் திரைக்குள் நடைபாதை கிடையாது, அதுதான் காரணமாக இருக்கும்.

"உங்க கை நடுங்கினா?"

"நடுக்கத்தை மெஷின் வடிகட்டிடும் சார்."

"அப்ப நடுக்கம் இருக்கு?"

"எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு இப்ப எங்களைவிட அதிகமா இருக்கு."

இருந்தது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். ஜூனில் நாள் குறித்துவிட்டு வந்தோம்.

மே 8

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சுரப்பியின் இரண்டு பக்கமும் நரம்புகள் ஒட்டிக்கொண்டு போகின்றனவாம். ஆண்மை அதன் வழியேதான். மூத்திரத்தை அடக்குவதற்கும் அது கொஞ்சம் உதவுமாம். நரம்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சுரப்பியை ஒட்டி வெட்ட வேண்டும். ஒட்டி வெட்டினால் ஓரத்தில் நோய் கொஞ்சம் மிஞ்சலாம். தள்ளி வெட்டினால் நரம்பு போய்விடும். "இடது பக்கம் கட்டி பெருசு, அங்க நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். வலது பக்கம் உங்க முடிவு" என்றாள் டாக்டரம்மா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே மனைவி, "எனக்கு இவர் இருந்தாப் போதும் டாக்டர். மத்ததெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

அங்கேயே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. யாரைக் கேட்டு? உனக்கு வேண்டாம் சரி, எனக்கு? வண்டியில் வரும் வழியெல்லாம் கத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சரி, உங்க இஷ்டம். ஆனா நாளைக்கு நான் தனியா கிடந்தா உங்க நரம்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

உள்ளே வந்து டாக்டரம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு வலது பக்கத்தைக் காப்பாற்றச் சொல்லிவிட்டேன். என் இஷ்டம்தான்.

மே 21

அலுவலகத்தில் குடலிறக்கம் என்று சொல்லி லீவு கேட்டேன். நிவாரணியின் யோசனை. கேன்சர் என்று சொன்னால் உத்தியோகமே போய்விடும், அந்த இடத்து வியாதி என்றால் சிரிப்பார்கள், குடலிறக்கம்தான் கௌரவமான வியாதி என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து வந்து எனக்குப் பயன்பட்ட முதல் யோசனை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

ஜூன் 3

நாளைக்கு. சாவி எங்கே, காப்பீடு எங்கே என்று மனைவிக்குச் சொன்னேன். "எல்லாம் எனக்கே தெரியும், நீங்க போயிட்டு வாங்க" என்றாள். கடைக்குப் போகிறவனிடம் சொல்வதுபோல.

ஜூன் 7

உயிரோடிருக்கிறேன். வயிற்றில் ஆறு துளை, ஒவ்வொன்றிலும் சின்னப் பிளாஸ்திரி. தோளில்தான் வலி பிடுங்குகிறது. வயிற்றுக்குள் காற்றை ஊதிப் பெரிதாக்கி வேலை பார்த்தார்களாம், அந்தக் காற்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். வெட்டியது கீழே, வலிப்பது மேலே. தொடையில் ஒரு மூத்திரப் பை. இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்துப் படுக்கையில் சாண் கணக்கில் கிழிபட்டவர் நான் கிளம்பும்போதும் முனகிக்கொண்டிருந்தார். அந்தப் பலகையை எழுதியவனைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

ஜூன் 10

அலுவலகத்திலிருந்து பார்க்க வந்தார்கள். கூட வேலை பார்க்கும் தாராளமும் வந்தான். வண்டியைக் கிளப்பத் தெரிந்தாலே பாஸ் போட்டுவிடுவான் என்பதால் அந்தப் பெயர். எல்லோருக்கும் காயத்தைப் பார்க்க ஆசை. ஒரு பிளாஸ்திரியைக் காட்டினேன். முகங்கள் வாடிவிட்டன. "இவ்வளவுதானா?" என்றான் தாராளம். நிவாரணி சட்டையைத் தூக்கித் தன் பித்தப்பை ஆபரேஷன் தழும்பைக் காட்டினார். ஒரு அடிக்குக் குறையாது. அத்தனை பேரும் அவரைச் சுற்றி நின்று உச்சுக்கொட்டினார்கள். தழும்புக்குத்தான் ஐயா மரியாதை. துளைக்கு யார் எழுந்து நிற்பார்கள்?

ஜூன் 13

மூத்திர டியூபை எடுத்தார்கள். எழுந்து நின்றேன். கால் வழியே ஓடியது. நர்ஸம்மா தரையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாருக்கும் இப்படித்தான் அப்பா" என்றாள். அப்பா என்றாளே, அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 14

பெரியவர்களுக்கான டயபர் வாங்கினேன். கடைக்காரன் ஊர் கேட்க, "உங்களுக்கா சார்?" என்றான். இல்லை, என் வண்டிக்கு, ஆயில் ஒழுகுகிறது என்றேன்.

ஜூன் 24

வெட்டி எடுத்ததைச் சோதித்துப் பார்த்த முடிவு வந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இடது பக்கம் சுத்தம் சார். வலது பக்கம் ஓரத்துல ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நோய் தொட்டிருக்கு. நான் நரம்பை விட்டுவச்ச பக்கம். ஒட்டித்தான் வெட்டினேன். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா ஓரம் சுத்தமா வந்திருக்கும்."

இப்போது எதுவும் செய்ய வேண்டாமாம். ரத்தத்தில் அந்த எண் ஏறினால் கதிர்வீச்சாம்.

ஏத்திட்டா! நான் அப்பவே சொன்னேன். ஓரம் தெரியாத கை அது. நடைபாதைல ஏத்தின கை. யாராவது கேட்டீங்களா? நூறு தடவை படிச்சுப் படிச்சு சொன்னேனே, கேட்டீங்களாடி நீயும் உன் பொண்ணும்?

ஜூன் 25

மனைவி கேட்டாள்: "வலது பக்கம் யாரோட இஷ்டம்?"

ஜூன் 28

மூன்று நாளாக ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

டாக்டரம்மா அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். நோய் தொட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அல்லது, உங்கள் ஆசைப்படித்தானே செய்தேன் என்று என் தலையில் கட்டியிருக்கலாம், அது உண்மையும்கூட. கட்டி அப்படி, நரம்பு இப்படி, வெளிச்சம் போதவில்லை என்று ஆயிரம் சொல்லலாம். நானே பெடலைச் சொன்னவன். அவள் 'ஒட்டித்தான் வெட்டினேன்' என்றாள். இருபத்தாறு வருடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய யாரும் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை.

அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று இல்லை.

ஜூலை 21

முதல் ரத்தப் பரிசோதனை. எண் அளக்க முடியாத அளவுக்குக் கீழே. மனைவி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள், ஆனாலும் கேட்டது. நாளை மறுநாள் வேலைக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 2

வேலைக்குப் போய் இரண்டு தேர்வைக் கெடுத்தேன். ஒரு பெண் திடீரென்று பிரேக் போட்டாள், எனக்கு நனைந்துவிட்டது. இறங்கினேன், தேர்வு செல்லாது. "நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?" என்று கண் கலங்கினாள். நீ ஒன்றும் பண்ணவில்லை தாயே, நீ அருமையாகப் பிரேக் போட்டாய்.

தாராளம் காதோரம், "குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணவன் எதுக்குய்யா இவ்வளவு ஓடறே?" என்று கேட்டான். தண்ணீர் அதிகம் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். மேலாளர் என்னை உள்வேலைக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறாராம். மேஜையில் உட்காரவைத்து முத்திரை குத்த விட்டுவிடுவார்கள். அதற்கு நான் அந்த எலுமிச்சையோடே செத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 19

அடித்தசைப் பயிற்சி சொல்லித்தர ஒரு ஆள் வருகிறான். "மூத்திரத்தை நடுவுல நிறுத்தற மாதிரி இழுத்துப் பிடிங்க சார், விடுங்க, பிடிங்க, விடுங்க." சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பிடித்து விடுகிறேன். பச்சை விழுந்து பக்கத்து இருக்கைக்காரன் வண்டியை எடுக்காமல் என் முகத்தையே பார்க்கிறான். அவனுக்கு ஒரு மார்க் குறைத்தேன்.

செப்டம்பர் 11

அந்த விஷயம். வலது நரம்பு இருக்கிறது, ஆனால் தூங்குகிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருடம்கூட ஆகலாமாம், வராமலே போகலாமாம். மனைவியிடம் சொன்னேன். "வேலையிலேருந்து ஓய்வு வர்றதுக்கு முன்னாடியே இதுலேருந்து ஓய்வு வாங்கிட்டீங்க" என்றாள். சிரித்துவிட்டோம். அப்புறம் அவள் நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிப் பிடித்ததில்லை. மே மாதம் கத்தியதற்கு வெட்கமாக இருக்கிறது. அதையும் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

அக்டோபர் 6

அடுத்த வாரத்துக்கான தேர்வுப் பட்டியல் வந்தது. என் பெயருக்கு நேரே டாக்டரம்மாவின் பெயர். மூன்றாவது தடவை வருகிறாள்.

சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு விதி ஞாபகம் வந்தது. தெரிந்தவர், உறவினர், கடமைப்பட்டவர் யாரையும் நாம் சோதிக்கக் கூடாது. மேலாளரிடம் என்ன பழக்கம் என்று சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். இதே விதியை வைத்துத்தான் இரண்டு வருடம் முன்பு தாராளத்தைப் போட்டுக் கொடுத்தேன், அவன் தன் சகலை மகனுக்குத் தேர்வு வைத்ததற்காக.

சொல்லாமலே சோதித்துவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? நான் பாரபட்சம் பார்க்கிற ஆளா? நன்றாக ஓட்டினால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். ஆனால் அந்தக் கை நடைபாதைப் பக்கம் திரும்பும்போது நான் கண்ணை எங்கே வைத்துக்கொள்வேன்? தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காகத்தானே விதி போட்டிருக்கிறார்கள்.

சொல்ல வேண்டுமென்றால் என்ன பழக்கம் என்று சொல்ல வேண்டும். குடலிறக்கத்துக்கு எந்த ஊரில் ப்ராஸ்டேட் டாக்டரிடம் போகிறார்கள்? நான்தான் தேடிக்கொண்டது, தவளை தன் வாயால் கெட்ட கதை.

அக்டோபர் 8

சொல்லிவிட்டேன்.

மேலாளர் அறையில்தான் சொல்ல நினைத்தேன். அவரோ எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, "என்ன விஷயம், இங்கயே சொல்லுங்க" என்றார். தாராளமும் இருந்தான்.

"பதினாலாம் தேதி வர்ற டாக்டரம்மாவை நான் டெஸ்ட் பண்ண முடியாது. எனக்கு ஆபரேஷன் பண்ணவங்க."

"குடலிறக்கத்துக்கா?"

"இல்ல. ப்ராஸ்டேட் கேன்சருக்கு. குடலிறக்கம்னு பொய் சொன்னேன். இப்ப பேட் கட்டிக்கிட்டுத்தான் வண்டியில உக்கார்றேன். அதான் ஓடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று நான் ஐந்து மாதம் தயாராகிக்கொண்டு வந்தது வீண். மேலாளர் டீயை ஊதிக்கொண்டே நின்றார், அது எப்போதோ ஆறியிருந்தது. "தாராள— அவரே டெஸ்ட் பண்ணட்டும்" என்றார். அந்தப் பெயர் அவர் வரைக்கும் போயிருப்பது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் தாராளம் பின்னாலேயே வந்தான். ஏதோ குத்தப் போகிறான், சகலை மகன் கணக்கைத் தீர்க்கப் போகிறான் என்று நின்றேன். சாவியை உருட்டிக்கொண்டே, "அந்த ரத்தப் பரிசோதனை... வெறும் வயித்துலயா போகணும்?" என்றான்.

"வேண்டாம். சாப்பிட்டே போகலாம்" என்றேன். "ராத்திரில எத்தனை தடவை எந்திரிச்சுப் போறே?"

"கணக்கு வச்சுக்கல."

"நானும் கூட வர்றேன்யா."

அக்டோபர் 10

இரண்டாவது ரத்தம். இன்னும் அளக்க முடியாத அளவுக்குக் கீழேதான். "அப்ப பாஸா?" என்றேன். "நான் உங்களை மாதிரி அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டேன் சார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்துக்கிட்டே இருங்க" என்றாள் டாக்டரம்மா. செவ்வாய்க்கிழமை தேர்வுக்கு நான் இருக்க மாட்டேன், தாராளம்தான் என்று சொன்னேன். அவள் முகம் சற்று வாடியது. "அவர் எல்லாருக்கும் பாஸ் போடுவாராமே? அப்படி வாங்கி நான் என்ன பண்றது?"

அக்டோபர் 14

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தாராளம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் வண்டியை மெதுவாக வெளியே எடுத்துப் போனாள். நான் பேசாமல் மேஜைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவர்கள் ஊரைச் சுற்றிவிட்டு வரும்வரை அங்கேயே நின்றேன்.

வந்தார்கள். பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்த வேண்டிய கட்டம். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆபரேஷனுக்குப் படுத்தபோதுகூட இப்படி அடிக்கவில்லை. அவள் ஒரு முறை நிறுத்திக் கண்ணாடி பார்த்தாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு துளித்துளியாகப் பின்னால் வந்தாள். பின் சக்கரம் நடைபாதைக்கு ஒட்டி, ஒரு விரற்கடை விட்டு நின்றது. தொடவில்லை. நான் சோதித்திருந்தாலும் பாஸ்தான். தாராளம் முதல்முறையாகச் சரியான ஆளுக்குப் பாஸ் போட்டிருக்கிறான்.

அவன் மேலே வந்து, "இவ்வளவு நேரமா இங்கயா நின்னுக்கிட்டிருந்தே?" என்றான். அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கிளம்பியதிலிருந்து நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூடப் போகவில்லை. போக வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். காய்ந்துதான் இருந்தது.

கீழே டாக்டரம்மா தன் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். திரும்பும்போது இன்டிகேட்டர் போடவில்லை. பார்த்துவிட்டேன். ஜனவரியில் ரத்தம் கொடுக்கப் போகும்போது சொல்ல வேண்டும்.